சந்தை வாசலில் ஒரு சாக்கு விரிப்பு

கல்யாணமாகி வந்த வருஷம், கார்த்திகை மாதம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை வாசலில் ஒரு அப்பத்தா சாக்கை விரித்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு காயைக் குவித்து வைத்திருந்தார். பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். கரும்பச்சை நிறம், மேலே வரி வரியாக மேடு, ஒரு பக்கம் நூல் போன்ற காம்பு, மறுபக்கம் வால் மாதிரி ஒரு கூர்.

"என்ன காய் அப்பத்தா இது?"

"அதலைக்காய் தாயி. டவுன்ல பொறந்த பிள்ளையா நீ?"

ஆமாம். மேலமாசி வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். காய் என்றால் எங்கள் வீட்டுக்குத் தள்ளுவண்டியில் வந்ததுதான். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று வருஷம் முழுக்க அதே பத்துக் காய் சுற்றிச் சுற்றி வரும். மழைக்கு ஒரு காய், வெயிலுக்கு ஒரு காய் என்ற நினைப்பே இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்குச் சாத்தூர்ப் பக்கம் கரிசல் ஊர். அதலைக்காயைப் பற்றி அவர் ஆசையாகச் சொல்லியிருந்ததால் அரைக் கிலோ வாங்கினேன். அன்று சனிக்கிழமை. மறுநாள் கறி எடுக்கிற நாள் என்பதால் காயை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். திங்கள்கிழமை காலையில் பையைத் திறந்தால் பாதிக் காய் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே விதை முற்றிப் போயிருந்தது. அப்படியே குப்பைக்குப் போனது.

சாயங்காலம் போனில் அத்தையிடம், அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவிடம், சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அதலைக்காயக் கொண்டாந்தா நேரா அடுப்புக்குத்தான் போகணும் தாயி. அது ஒருநாள் பொறுக்கும், ரெண்டு நாள் பொறுக்காது" என்றார். டவுனில் இருந்துகொண்டே மாதத்துக்கு ஏற்றபடி சாப்பிட நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அந்தப் போனில்தான்.

அதலைக்காயை யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்கு அடியில் அதன் கிழங்கு கிடக்கும். வெயில் காலம் முழுக்க மேலே ஒன்றும் தெரியாது, வெடித்த நிலம்தான். புரட்டாசி, ஐப்பசி மழை இறங்கியதும் கிழங்கு முளைத்துக் கொடி விடும். சோளத்துக்கும் பருத்திக்கும் நடுவில் தானாகப் படர்ந்து காய்க்கும். தைப் பனி முடிவதற்குள் கொடி காய்ந்து மறுபடி மண்ணுக்குள் போய்விடும். களை எடுக்கப் போகிற பெண்கள் மடியில் பறித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். வருஷத்தில் மூன்று மாதம் கிடைத்தால் அதிகம்.

அத்தை 2015-ல் எங்களோடு வந்துவிட்டார். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டது, ஆனால் காயை விரலால் தொட்டே பிஞ்சா முற்றலா என்று சொல்லிவிடுவார். அதலைக்காயில் அவர் கத்தி வைக்க விடமாட்டார். தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பையும் வாலையும் நகத்தால் கிள்ளி, இரண்டாக ஒடித்துப் போடுவார். ஒடிக்கும்போது 'டக்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராத காய் தனியாகப் போகும். கடலை எண்ணெயில் கடுகு, உளுந்து, நிறையச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு போட்டு வதக்கி, அதிலேயே காயைப் போட்டு உப்புப் போட்டுக் கையால் தண்ணீர் தெளித்து மூடி வைப்பார். காய் வெந்து நிறம் மாறியதும் வறுத்த நிலக்கடலையையும் வரமிளகாயையும் ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவி இறக்குவார். சுடுசோற்றில் பருப்புப் போட்டுக்கொண்டு இதைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கசப்பு இருக்கும். ஆனால் பாகற்காய் மாதிரி நாக்கின் அடியில் நிற்கிற கசப்பு இல்லை, வந்துவிட்டுப் போகிற கசப்பு. ப்ளஸ் டூ படிக்கிற என் மகள் பாகற்காயை இன்றைக்கும் ஒதுக்கி வைக்கிறாள், அதலைக்காயை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இந்த அண்ணா நகர்ச் சந்தைதான். 1999 நவம்பர் 14-ம் தேதி கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது திறந்தார்கள். உள்ளே கடை போட விவசாயிக்கு அடையாள அட்டை வேண்டும். தராசைச் சந்தையிலேயே கொடுப்பார்கள். தினமும் விடியற்காலையில் மொத்த மார்க்கெட் விலையைப் பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே ஒரு விலை வைத்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அந்தப் பலகைதான் எனக்குக் காலண்டர். எந்தக் காயின் விலை வாராவாரம் இறங்குகிறதோ அதற்குக் காலம் பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ஏற ஆரம்பித்தால் போகப் போகிறது. ஒரு நோட்டில் சனிக்கிழமைதோறும் விலையை எழுதி வைப்பது என் பழக்கம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் நான், அதனால் கை தானாகப் போய்விடுகிறது. எட்டு வருஷ நோட்டைப் புரட்டினால் மழை எப்போது தள்ளிப் போனது, பனி எப்போது நீண்டது என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஆனால் அட்டை இல்லாதவர்கள் வாசலுக்கு வெளியேதான் உட்கார முடியும். சொந்த நிலமில்லாத அப்பத்தாக்கள், காட்டில் தானாக விளைந்ததைப் பறித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். பலகையில் விலையே எழுதாத பொருளெல்லாம் அவர்கள் சாக்கில்தான் இருக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, வேலியில் படர்ந்த கோவைக்காய், இலந்தைப்பழம். அதலைக்காய் அப்பத்தா திருமங்கலத்துக்குத் தெற்கே இருந்து வருகிறார். முதலில் வாசல் சாக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போவதுதான் என் வழக்கம். என்னைப் பொறுத்தவரை உண்மையான உள்ளூர்க் காய் அந்தச் சாக்கில்தான் கிடைக்கிறது.

எங்கள் ஊர் மார்க்கெட்டில் காயை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, சுரை, பாகல், முருங்கை, வாழை, சீனியவரை என்கிற கொத்தவரை எல்லாம் நாட்டுக்காய். கேரட், பீட்ரூட், கோஸ், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் இங்கிலீஷ் காய். இங்கிலீஷ் காய் கொடைக்கானல், ஊட்டி மலையில் இருந்து இறங்குவது. நான் அதை ஒதுக்கவில்லை. கொடைக்கானலும் நம் பக்கத்து மலைதான், பூம்பாறையில் விளைகிற மலைப்பூண்டின் காரம் வேறு எதிலும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் திவசத்தன்று அத்தை இங்கிலீஷ் காயை அடுப்பிலேயே ஏற்ற விடமாட்டார். வாழைக்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், இவைதான். அந்த ஒரு நாள் சமையலைப் பார்த்தால் நம் தாத்தா பாட்டி எதைத் தின்று வளர்ந்தார்கள் என்பது இலையில் பரிமாறியது போலத் தெரியும். முன்னோருக்குப் படைக்கிறதை அவர்கள் பழகிய காயாகப் படைக்க வேண்டும் என்று அத்தை சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம்.

முருங்கைக்காய் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. ஒவ்வொரு மார்கழியிலும் அது என் நோட்டில் உச்சத்தில் இருக்கும். ஒற்றைக் காய்க்கு விலை சொல்வார்கள். முன்பெல்லாம் வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்று நினைத்து ஆத்திரப்படுவேன். ஆண்டிப்பட்டியில் முருங்கை போட்டிருக்கிற ஒரு அண்ணன்தான் சந்தையில் விளக்கினார். "மழைக்குப் பூ நிக்காதுங்க. பனிக்கும் கொட்டிரும். மழைக்கு எலை, வெயிலுக்குக் காய், அதான் முருங்கை." அன்றிலிருந்து மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் கிடையாது, கீரைதான். அப்போது மரம் தழைத்துக் கிடக்கும். ஒரு கட்டுக் கீரையை வெள்ளைத் துணியில் விரித்துக் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து உருவினால் இரண்டு நாளைக்கு வரும். மாசி பிறந்து வெயில் ஏறியதும் காய் வர ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் கட்டுக் கட்டாக அள்ளிப் போடுவார்கள். அப்போது சாம்பார், புளிக்குழம்பு, பொரித்த குழம்பு, சதையை வழித்துத் தொக்கு என்று எல்லாவற்றிலும் முருங்கைக்காய்தான். பல மாதம் கழித்துத் தின்கிற முதல் முருங்கைக்காயின் வாசனை, வருஷம் முழுக்கத் தின்கிறவர்களுக்குக் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

தக்காளியிலும் இதே கதைதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அரசாங்கமே பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சில ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்குப் போட்டது. ஆபீஸில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு ஆச்சரியம். "தக்காளி இல்லாட்டி சமையல் இல்லையா? புளி எதுக்கு இருக்கு?" அந்த ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தக்காளி இல்லாமல் சமைத்தார். புளியும் மிளகும் சீரகமும் மட்டும் தட்டிப் போட்ட ரசம், மாங்காய் போட்ட பருப்பு, மோர்க்குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு நாள்கூடக் குறையாகத் தெரியவில்லை. இப்போது விலை நாற்பதைத் தாண்டினாலே நான் தக்காளியை விட்டுவிடுவேன்.

புளி என்றதும் சொல்லியாக வேண்டும், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மொட்டைமாடியில் புளி காய்கிறது. மாசி, பங்குனியில்தான் புதுப்புளி வரும். ஏலம் எடுத்தவர்கள் ரோட்டோர மரங்களை உலுக்கிக் கொண்டு வந்து விற்பார்கள். ஓட்டோடு வாங்கினால் விலை குறைவு. வருஷத்துக்கு எட்டுக் கிலோ எங்களுக்கு. ஓடு தட்டி, நார் உருவி, கொட்டையை எடுத்து, இரண்டு வெயில் காய வைத்து, கல்லுப்புத் தூவி மண்பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை வரும். புதுப்புளி சிவப்பாக, தித்திப்பும் புளிப்பும் கலந்து இருக்கும். போகப் போகக் கறுத்து, புளிப்பு ஏறும். பழைய புளியில் வைத்த குழம்புக்குத் தனி ருசி உண்டு. ஒரே பானையில் இருந்து எடுத்தாலும் சித்திரைக் குழம்பும் மார்கழிக் குழம்பும் ஒன்றாக இருக்காது.

மார்கழி கடைசியிலும் தையிலும் சந்தைக்குப் போனால் எனக்குத் திரும்பி வர மனசு வராது. ஆடிப் பட்டத்தில் போட்ட அவரையும் மொச்சையும் அப்போதுதான் காய்க்கும். பனி விழ விழத்தான் அவரை பூக்கும் என்பார் அத்தை. மொச்சைக்காயை உரித்தால் உள்ளே பயறு நாலு இருக்கும், சிலதில் ஊதாக் கோடு ஓடியிருக்கும். பச்சைத் துவரங்காயை உப்புப் போட்டு வேக வைத்துச் சுடச்சுட உரித்துத் தின்பது அந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். சிறுகிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி, பரங்கி, மேலூர்ப் பக்கமிருந்து பொங்கல் கரும்பு, கட்டு மஞ்சள்குலை எல்லாம் தரையில் கிடக்கும். பொங்கல் அன்று அத்தை ஒரு பலகாய்க் குழம்பு வைப்பார். ஏழு காய் சேர வேண்டும், ஒவ்வொன்றும் வேகிற நேரம் வேறு. சிறுகிழங்கு முதலில், அப்புறம் மொச்சை, பிறகு சேனை, வாழைக்காய், அவரை, கத்தரி, கடைசியில் பரங்கி. வரிசை தவறினால் பரங்கி கரைந்து குழம்பு களியாகிவிடும். என் மகளுக்கு அந்த வரிசை மனப்பாடம்.

சிறுகிழங்கு சுத்தம் செய்வது மட்டும் பெரிய வேலை. மண் ஒட்டிய கிழங்கைத் தண்ணீரில் ஊற வைத்து, சாக்குப் பைக்குள் போட்டுத் தரையில் புரட்டிப் புரட்டித் தேய்த்தால் தோல் பாதி போகும். மீதியைச் சுரண்டியே எடுக்க வேண்டும். விரல் கறுத்துவிடும், இரண்டு நாள் போகாது. பொங்கல் முடிந்து ஆபீஸுக்குப் போனால் யார் வீட்டில் சிறுகிழங்கு செய்தார்கள் என்று கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

காலம் என்றால் என்ன என்று என் மகளுக்கு நான் பனையை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். பங்குனி முதல் ஆனி வரை நுங்கு. அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரைத் திருவிழாவில் பானகமும் நீர்மோரும் குடித்துவிட்டு, வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு, நுங்கு வண்டி முன்னால் நின்றோம். அவள் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம். சீவிக் கொடுத்த நுங்கைப் பெருவிரலால் நோண்டிக் குடித்துவிட்டு, "இதைப் பறிக்காம விட்டா என்னாகும்மா?" என்று கேட்டாள். விட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழமாகும். அந்தப் பழத்தை அதே வருஷம் அழகர்கோவில் ரோட்டில் ஒருவரிடம் வாங்கினோம். சுட்டால் தெருவே மணக்கும், நார் பல்லில் மாட்டும். தின்ற கொட்டையை மண்ணில் புதைத்தால், தையில் தோண்டும்போது கிழங்கு. இடையில் ஒரு கொட்டையை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, தேங்காய்ப் பூ மாதிரி தவுண் இருக்கும். நாங்கள் மூன்று கொட்டையை ஒரு பழைய சிமென்ட் தொட்டியில் மணலில் புதைத்தோம். தொட்டி ஆழம் போதாமல் கிழங்கு வளைந்து வளர்ந்தது. ஆனாலும் தையில் மூன்று கிழங்கு வந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, நடுவில் இருக்கிற குருத்தை உருவி எறிந்துவிட்டு, பாட்டியும் பேத்தியும் மாடிப் படியில் உட்கார்ந்து நார் உரித்து உரித்துத் தின்றார்கள். நுங்காகவும் பழமாகவும் கிழங்காகவும் அவள் தின்றது ஒரே மரத்தை. பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதும்போது அவளுக்கு அதன் வருஷம் முழுக்கத் தெரிந்திருந்தது.

மாம்பழத்தில் ஒரு கெட்ட அனுபவம் உண்டு. மகளுக்கு நாலு வயசு. பங்குனி நடுவிலேயே ஒரு பெரிய கடையில் மஞ்சள் மஞ்சளாக மாம்பழம் அடுக்கியிருந்தார்கள். அவள் அடம்பிடித்ததால் வாங்கிவிட்டேன். தோல் ஒரே சீராக மஞ்சள், அறுத்தால் உள்ளே வெளிர்ந்து, கொட்டையைச் சுற்றிப் புளிப்பு. ராத்திரி அவளுக்கு உதடும் வாயும் புண்ணாகி அழுதாள். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. தடை இருக்கிறதென்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்தவளுக்கு அந்த ராத்திரி மறக்காது. அதற்கப்புறம் சித்திரை பாதி தாண்டாமல் நான் மாம்பழம் தொடுவதில்லை. நத்தம், அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகளில் இருந்து கல்லாமை, காசா, சப்பட்டை, இமாம்பசந்த் எல்லாம் வரிசையாக வரும். காம்பில் பால் காய்ந்த கறை இருக்கிறதா, காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் மணக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் காயாகவே வாங்கி வைக்கோலில் நான் பழுக்க வைப்பேன். ஆனி முடிந்தால் மாம்பழம் முடிந்தது. அப்புறம் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த வெயில் மாதங்களில்தான் வத்தலும் போட வேண்டும். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீடு, கீழே வீட்டுக்கார அம்மா. மொட்டைமாடியை அவர்தான் தாராளமாக விட்டுக் கொடுத்தார், அதனால் போடுகிற எல்லா வத்தலிலும் அவருக்கு ஒரு டப்பா உண்டு. சீனியவரைக்காயை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேக வைத்துக் காயப் போடுவேன். சுண்டைக்காயை அம்மிக் குழவியால் லேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் ஊற வைத்து, பகலில் வெயிலில் போட்டு ராத்திரி மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் தீருகிற வரை இப்படியே. மிளகாய்க்கும் அதேதான். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்துச் சந்தைக்கு வண்டியே வராதபோது, காய் விலையெல்லாம் எகிறிக் கிடக்கும்போது, இந்த டப்பாக்களைத் திறப்பேன். எண்ணெயில் வத்தல் பொரிகிற வாசனையில் சித்திரை வெயில் அடுக்களைக்குள் வந்துவிடும்.

ஆடி கொஞ்சம் வறண்ட மாதம்தான். கேப்பைக்கூழும் சின்ன வெங்காயமும் இருந்தால் போதும் என்று ஓட்டிவிடுவோம். அழகர்மலை ஏறினால் நாவல்பழம் கிடைக்கும். ஒளவைக்கு முருகன் சுட்ட பழம் உதிர்த்த பழமுதிர்சோலை அங்கேதான், படியோரம் பழத்தைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு விளாம்பழம். புரட்டாசியில் பச்சை நிலக்கடலை, சீத்தாப்பழம். சிறுமலை வாழைப்பழம் அநேகமாக வருஷம் முழுக்க உண்டு, யானைக்கல் பக்கம் போகிறபோது ஒரு சீப்பு வாங்கினால் தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாக நிற்கும். ஆடிப் பட்டம் தேடி விதைத்தவர்களின் வெண்டையும் பீர்க்கும் புடலையும் புரட்டாசியில் இருந்து பலகையில் இறங்க ஆரம்பிக்கும்.

கொடுக்காப்புளியை விட்டுவிட்டேனே. மாசிக் கடைசியில் வரும். சுருண்ட காய், உள்ளே வெள்ளையும் ரோஸும் கலந்த சதை. எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு அக்கா கூறு கட்டி விற்பார், நாங்கள் ஆறு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத்தான் தின்போம். வெள்ளைச் சதை தொண்டையில் துவர்க்கும், ரோஸ் இனிக்கும்.

போன கார்த்திகையில் இரண்டு சனிக்கிழமை அதலைக்காய் அப்பத்தா வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் கீரை விற்கிற பாட்டிக்கும் தகவல் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். சாக்கில் வழக்கத்தில் பாதிகூட இல்லை.

"என்ன அப்பத்தா, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. காட்டுக்குத்தான் முடியல. மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சுட்டாங்க. சோளத்தத் தவிர எல்லாம் கருகிப்போச்சு. அதலை, பண்ணைக்கீரை, ஒண்ணு விடல. ஓடைக்கரையில பறிச்சுட்டு வந்தேன் இது."

களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, விவசாயி மருந்து அடிக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் வாங்கிய அந்தக் கால் கிலோவைக் கையில் பிடித்தபோது கனமாக இருந்தது. ஊரில் யாரும் விதைக்காத, யாரும் விலை எழுதாத ஒரு காய் இல்லாமல் போனால் எந்தப் பலகையிலும் அது தெரியப் போவதில்லை. வீட்டில் சொன்னேன். அத்தை வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "கெழங்கு கேளு. ரெண்டு கெழங்கு தோண்டிக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

தை கடைசியில் அப்பத்தா ஒரு துணியில் முடிந்து கொண்டு வந்தார். மூன்று கிழங்கு, கரிசல் மண் ஒட்டியபடி. காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். "காய்க்குக் காசு வாங்கலாம். கெழங்குக்கு வாங்கக் கூடாது தாயி. காய்ச்சா ஒரு கை கொண்டா, தின்னு பாக்குறேன்."

என் வீட்டுக்காரர் சாத்தூரில் இருந்து பஸ்ஸில் ஒரு உரச் சாக்கு நிறையக் கரிசல் மண் கொண்டு வந்தார். பனங்கிழங்கு வளைந்து வளர்ந்த அதே சிமென்ட் தொட்டியில் அதைக் கொட்டினோம். கிழங்கை எந்தப் பக்கம் மேலே வைக்க வேண்டும் என்று அத்தை விரலால் தடவிப் பார்த்துச் சொன்னார், மகள் நட்டாள். பழக்க தோஷத்தில் நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஊத்தாத. அழுகிப்போகும். அது வெயில்ல தூங்கட்டும்" என்றார் அத்தை.

தொட்டியில் இப்போது வெறும் மண்தான் தெரிகிறது. நடுவில் இரண்டு வெடிப்பு விழுந்திருக்கிறது. பக்கத்தில் புளி காய்கிறது, அடுத்த வாரம் சுண்டைக்காய் போடலாம் என்றிருக்கிறேன். மகள் தினமும் டியூஷனுக்குப் போகுமுன் மாடிக்கு ஏறி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். புரட்டாசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.